இரண்டு வரி கீழே

காஞ்சிபுரம்
2 ஜூன் 2025

மாண்புமிகு கிரேஸ் அக்காவின் சமூகத்துக்கு,

கனத்த இதயத்தோடும், அதைவிடக் கனத்த இட்லி வயிற்றோடும் நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி. நம் கடையின் மூன்றேமுக்கால் கால் ஸ்டூல் நேற்றுக் காலை பத்து பதினெட்டுக்குத் தன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. அப்பா ஒரு ஜக்கார்டு அட்டையை, தறிக்கு டிசைன் சொல்லும் அந்தத் துளை அட்டையை, நாலாக மடித்துக் கட்டைக்காலுக்கு அடியில் செருகினார். அவ்வளவுதான், கதை முடிந்தது. இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள் நானும் ஒரு பல்லியும். அந்த ஸ்டூலில் ஆடிக்கொண்டே எட்டு மணி நேரம் அட்டை அடித்த ஒரே ஆள் சென்னைக்குப் போய்விட்டதால் கூட்டம் சேரவில்லை.

அது எந்த அட்டை என்று நீ கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன். மயில் டிசைன் அட்டைக்கட்டிலிருந்து உருவியதுதான்.

உன் விலாசத்தை உன் தம்பி யேசுதாஸிடம் இரண்டு பரோட்டா லஞ்சம் கொடுத்து வாங்கினேன். என் நம்பரை நீ பிளாக் செய்து ஆறு மாதம் ஆகிறது. அதனால்தான் தபால்தலை நக்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். பசை ருசி மோசம்.

இனி முக்கியமான விஷயம். நான் சும்மா இருக்கவில்லை அக்கா. பிளஸ் டூ முடித்த கையோடு (வேதியியலில் நாற்பத்தொன்று, முழுக்க முழுக்க சொந்த மூளை) உன் வழக்கைக் கையில் எடுத்து ஆராய்ச்சி செய்தேன். கண் என்பது உருண்டு உருண்டு பார்க்கும் கோலி இல்லை. அது ஒரு தவளை. ஒரு நொடிக்கு மூன்று முறை தாவுகிறது. தாவுகிற நேரத்தில் மூளை திரையை இழுத்து மூடிவிடுகிறது, நாம் எதையும் பார்ப்பதில்லை. நம்பாவிட்டால் கண்ணாடி முன்னால் நில். இடது கண்ணைப் பார், உடனே வலது கண்ணைப் பார். உன் கண் நகர்வது உனக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

ஆகவே எனது தீர்ப்பு. நீ டிசைன் கிராஃபிலிருந்து மெஷினுக்கும் மெஷினிலிருந்து கிராஃபுக்கும் கண்ணைத் தாவவிட்டுத் தாவவிட்டு அட்டை அடித்தாய் அல்லவா? அந்தத் திரை மூடிய நேரத்தில் உன் கண் இரண்டு வரி தாண்டி இறங்கிவிட்டது. குற்றவாளி நீ இல்லை. உன் சிறுமூளை. அதைக் கூண்டில் ஏற்றி, உன்னை விடுதலை செய்யச் சொல்லி அப்பாவிடம் நானே வாதாடப் போகிறேன்.

கட்டணம் வேண்டாம். நம்பரை அன்பிளாக் செய்தால் போதும்.

இப்படிக்கு,
காஞ்சியின் கண்ணாய்வுத் திலகம்
விஷால்


சென்னை
9 ஜூன் 2025

விஷால்,

கடிதம் வந்தது. அன்பிளாக் செய்யமாட்டேன். ஃபோனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். எழுது. எழுதினால் அது அப்படியே இருக்கும்.

வழக்கு, கூண்டு, விடுதலை என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

கிராஃப் தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, கட்டம் கட்டமாகப் பார்த்து, விசையை அழுத்தித் துளை போட வேண்டும். ஓர் அட்டை முடிந்தால் ஸ்கேலை ஒரு வரி இறக்க வேண்டும். மூன்று வருஷம் உங்கள் கடையில் இதைச் செய்தேன். ஒரு துளை கூடத் தப்பியதில்லை. மயில் அட்டைக்கட்டில் மட்டும், எல்லாம் அடித்து எண்ணியபோது இரண்டு அட்டை குறைந்தது. உடனே உங்கப்பாவிடம் சொன்னேன். "கடைசி ரெண்டு வரி வெறும் தரைதானேமா, பூ வேலை ஒண்ணுமில்ல, அதையே இன்னும் ரெண்டு அடிச்சுப் போடு, நேரமாவுது" என்றார். போட்டேன்.

ஐயம்பேட்டைத் திருஞானசம்பந்தம் அண்ணன் தறிக்கு அட்டைக்கட்டு போனது. புடவை தறியில் தலைகுப்புறத்தான் வளரும், நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அறுத்துப் புரட்டிய பிறகுதான் பார்த்தார். கரை முழுக்க மயில். ஒரு மயிலுக்கும் கண் இல்லை. குறைந்த அந்த இரண்டு வரிதான் மயிலின் கண்.

முகூர்த்தப் புடவை. பெண் வீட்டார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உங்கப்பா கடையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய். "கண்ணு நிக்காதவளை உக்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். மயிலுக்கே கண்ணைப் புடுங்கிட்டியேமா! உங்க தெருவுலருந்து ஒருத்தியை இந்த வேலைக்குச் சேத்தேன்னு ஊர்ல சிரிச்சாங்கோ. இப்போ வவுறு வலிக்கச் சிரிச்சிக்கினு இருக்கறாங்கோ."

அட்டை குறைந்ததை நான் சொன்னது அவருக்கு நினைவில்லை. நினைவில்லை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா என்னை இங்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தது. மூன்று நாள் சோதித்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் அசைவை ஆராய்கிற மஹாலட்சுமி டாக்டர் என் பதிவைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரா போய் விழற கண்ணு நான் பார்த்ததே இல்லமா" என்றார். இப்போது அவர் அறையிலேயே வேலை. வருகிறவர்களின் தாடையைத் தாங்கியில் பொருத்தி, அசையாதீங்க என்று சொல்வது.

திரை மூடுவது உண்மைதான். ஆனால் திரை மூடினாலும் கண் குறி வைத்த இடத்தில்தான் போய் விழும். இரண்டு வரி தாண்டி விழுந்தால் அடுத்த தாவலிலேயே திருத்திக்கொள்ளும். உன் தீர்ப்பு தப்பு.

வாதாடுவதாக எழுதியிருக்கிறாய். வாதாடு. நம் ஊரில் நெசவு டிசைன் பயிற்சி மையம் ஒன்று தொடங்குகிறார்கள். தேவேந்திரன் சார்தான் பொறுப்பு. அட்டை அடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். என்னைப் பார்த்தார், வேலையையும் பார்த்தார், பிடித்திருந்தது. பழைய முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் கேட்கிறார். ஜூலை பத்துக்குள். என் கண்மேல் பழி இல்லை என்று உங்கப்பா நான்கு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று. மயில் கிராஃப் தாள் கடையில் இருக்கும். அனுப்பு. வேலையை நிறுத்தும்போது, நின்ற வரியில் ஓரமாக ஒரு பென்சில் புள்ளி வைப்பது என் வழக்கம். எங்கே தவறினேன் என்று நான் பார்க்க வேண்டும்.

கிரேஸ்


காஞ்சிபுரம்
15 ஜூன் 2025

கிரேஸ் அக்கா,

வாதாடிவிட்டேன்! எதிரி தரப்பு முகத்தில் நுரையோடு நின்றது.

நேற்று அப்பா பின்கட்டில் கண்ணாடியை ஆணியில் மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் போய்ப் பணிவோடு நின்றேன். பணிவைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம்.

"இன்னாடா?"

"அப்பா, கண்ணாடில உங்க இடது கண்ணைப் பாருங்க. பாத்தாச்சா? இப்போ வலது கண்ணு. கண்ணு நவுந்துதா?"

"இல்லியே."

"நவுந்துது. நான் பாத்துக்கினே இருந்தேன்."

"தோ பாரு, கையில பிளேடு வெச்சிக்கினு இருக்கறேன். விளையாடாத."

அப்போதுதான் நம் வக்கீல் மார்பை நிமிர்த்தி, "உங்க கண்ணு நவுர்றதே உங்களுக்குத் தெரியல. கிரேஸ் அக்கா கண்ணு நிக்காதுன்னு மட்டும் எப்படிப்பா சொன்னீங்க?" என்று ஒரு போடு போட்டேன். அப்பா என் பக்கம் திரும்பினார். பாதிக் கன்னத்தில் நுரை, பாதிக் கன்னத்தில் ஞானம். பிளேடைக் கழுவிவிட்டு, "பாக்கலாம்" என்றார். அப்பா அகராதியில் 'பாக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். முக்கால் சம்மதம். நம் ஸ்டூல் மாதிரி, மிச்சக் காலுக்கு நான் அட்டை செருகிவிடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சான்றிதழ் அனுப்பினால் வேகம் பிடிக்கும்.

கிராஃப் தாளைத் தேடினேன். கிடைக்கவில்லை. எலி தின்றிருக்கலாம். நம் கடை எலிக்கு டிசைன் ஞானம் அதிகம், முந்தானை கிராஃபைத் தொடாது, கரையைத்தான் கடிக்கும். எனவே அதை மறந்துவிடு அக்கா. பழைய வரியைத் தோண்டி என்ன ஆகப்போகிறது?

வெற்றி வக்கீல்
விஷால்


சென்னை
23 ஜூன் 2025

விஷால்,

சான்றிதழ் நகல் இதோடு இருக்கிறது. டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு. உங்கப்பா கையில் கொடு. பில்களோடு ஆணியில் குத்திவைக்க வேண்டாம் என்று சொல்.

போன வாரம் இங்கே என்னையே ஒரு சோதனைக்கு உட்கார வைத்தார்கள். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

திரையில் ஒரு புள்ளி வரும். கண் அதை நோக்கித் தாவும். தாவுகிற அந்த நேரத்தில், கண் எதையும் பார்க்காத நேரத்தில், கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவைத்துவிடும். எனக்குத் தெரியவே இல்லை. கண் இறங்கிய இடத்தில் புள்ளி இருக்காது, சின்னதாக இன்னொரு தாவல் போட்டுப் பிடித்துக்கொள்ளும். இப்படி நூறு, நூற்றைம்பது தடவை நடந்ததும் கண் தானாகவே தாவலைக் குறைத்துக்கொண்டது. அதன்பிறகு புள்ளியை நகர்த்தாமல் விட்டார்கள். இப்போது என் கண் புள்ளிக்கு முன்னாலேயே குட்டையாகப் போய் விழுந்தது. திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள்.

மஹாலட்சுமி டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணு பறக்கறப்போ திருத்தறதுக்கு நேரமே இல்லமா. விழுந்த அப்புறம்தான் மூளைக்குத் தப்பு தெரியும். தெரிஞ்சதும் தப்பு என்னோடதுதான்னு எடுத்துக்கும், அடுத்த தாவலை மாத்திக்கும். வெளிய யாரோ புள்ளியை நகர்த்தறாங்கன்னு அதுக்குத் தோணவே தோணாது."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

விஷால், சோதனைக்கு முன்னால் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். முடிந்த பிறகு எப்படி ஏமாற்றினோம் என்று காட்டினார்கள். அதோடு விடவில்லை, புள்ளியை நகர்த்தாமல் இன்னும் அத்தனை தடவை பார்க்கவைத்து, கண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எழுந்திருக்க விட்டார்கள். கண்ணை ஏமாற்றுவதற்கே இவ்வளவு முறை இருக்கிறது.

இந்த ஏழு மாதத்தில் நான் எப்படி ஆகிவிட்டேன் என்று உனக்குத் தெரியாது. பஸ் நம்பரை இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மருந்துச் சீட்டை விரல் வைத்துப் படிக்கிறேன். வேத வசனம் வாசித்தால் வரி தாண்டிவிட்டேனோ என்று மேலே போய்த் திரும்ப வாசிக்கிறேன். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் காவேரி என்று ஒரு பெண், நான் பழக்கியவள், வேறொரு கடையில் அட்டை அடிக்க வேலை கேட்டிருக்கிறாள். "அந்தத் தெருப் பொண்ணுங்களுக்குக் கண்ணு நிக்காதாமே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் ஒருத்தி கண்ணோடு முடியவில்லை பார்.

எலிக் கதை வேண்டாம். நம் கடையில் எலி கிடையாது. பட்டு இருக்கும் இடம் என்று உங்கப்பா மூன்று பூனை வளர்க்கிறார்.

நேராகக் கேட்கிறேன். அந்த ஸ்கேலை நீ தொட்டாயா?

கிரேஸ்


காஞ்சிபுரம்
30 ஜூன் 2025

கிரேஸ் அக்கா,

தொட்டேன்.

ஆனால் முழுவதும் படி, பாதியில் கிழிக்காதே. இது சாதாரணக் குறும்பு இல்லை. உன் மஹாலட்சுமி டாக்டர் கம்ப்யூட்டர் வைத்துச் செய்ததை நான் வெறும் கையால் செய்தேன். உன் கண் கிராஃபிலிருந்து மெஷின் விசைக்குத் தாவியதே, அந்தத் திரை மூடிய நேரத்தில், மின்னல் மாதிரி ஸ்கேலை இரண்டு வரி கீழே தள்ளிவிட்டேன். கண் திரும்பி வந்தபோது ஸ்கேல் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றது. உன் கண் பிடிக்கவில்லை. எந்தக் கண்ணும் பிடித்திருக்காது. அந்த வேகத்தில் தள்ளினால் கழுகே ஏமாறும். யோசித்துப் பார், காஞ்சியில் கண்ணாய்வுக்கு உட்கார்ந்த முதல் ஆள் நீதான். சரித்திரத்தில் இடம் உண்டு.

விளையாட்டுக்குத்தான் செய்தேன் அக்கா. நீ திடுக்கிட்டு, "ஏய் விஷால்" என்று கத்துவாய், நான் சிரிப்பேன், நீ ஸ்கேலாலேயே அடிப்பாய், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை.

கவலைப்படாதே, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை நடுவில் நின்று, திருஞானசம்பந்தம் மாமாவும் நம் கடைப் பையன் தினேஷும் பார்க்க, "நான்தான்பா" என்றேன். அப்பா கணக்கு நோட்டை மூடிவைத்தார். பிறகு, "எழுதித் தரேன்டா, பத்தாம் தேதிக்குள்ள" என்றார். சான்றிதழையும் கொடுத்துவிட்டேன்.

இப்போதாவது ஒத்துக்கொள், நான் தைரியசாலி.

விஷால்


சென்னை
11 ஜூலை 2025

விஷால்,

தேவேந்திரன் சார் பத்தாம் தேதி வரை காத்திருக்கவில்லை. எட்டாம் தேதி உங்கப்பாவுக்கே ஃபோன் செய்திருக்கிறார். உங்கப்பா சொன்னது இதுதான். "நல்ல பொண்ணுதான் சார், கை சுத்தம். கண்ணுதான் நிக்காது. நீங்க எதுக்கும் யோசிச்சிக்கோங்க." சார் யோசித்துக்கொண்டார். வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார். உங்கப்பாவும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் நீ அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சான்றிதழ் உன் சட்டைப் பையில் இருக்கும்.

வெறும் கையால் செய்ததாக எழுதினாயே, அதைப் பற்றியும் சொல்கிறேன். அந்தத் தாவல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு கூட இருக்காது. உன் கை ஸ்கேலைத் தொடுவதற்குள் என் கண் போய்த் திரும்பியிருக்கும். தினமும் திரையில் அந்தக் கண் அசைவுக் கோடுகளைப் பார்க்கிறவள் நான், என்னிடம் போய் மின்னல் என்கிறாய். ஸ்கேல் தானாக நகர்ந்திருந்தாலும் பென்சில் புள்ளி இருக்கிறது. சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது வைத்த புள்ளியும் ஸ்கேலும் சாப்பிட்ட பிறகு ஒரே வரியில்தான் இருந்தன. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் நான் யாரையும் சந்தேகப்படவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. எப்போதும் போல் பின்கட்டுக்குப் போகாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கிராஃப் என் கண் முன்னாலேயே இருந்தது. கண் முன்னால் இருந்தது தவறிப்போனால் கண்ணைத்தானே குறை சொல்ல வேண்டும்? ஏழு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எப்போது செய்தாய்? எப்படிச் செய்தாய்? அதை மட்டும் எழுது. சிரிப்பு வேண்டாம்.

கிரேஸ்


காஞ்சிபுரம்
14 ஜூலை 2025

அக்கா,

நீ ஜெபம் செய்தபோது.

டிபன் பாக்ஸைத் திறந்தாய். எலுமிச்சை சாதம். கையைக் கோத்துக் கண்ணை மூடினாய். நீ எப்போதும் நீளமாகத்தான் ஜெபம் செய்வாய், உதடு மட்டும் அசையும், பக்கத்தில் நின்றால் கேட்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் அம்மாவின் கால் வலி, யேசுதாஸ், அப்புறம் என் பெயர். "விஷாலுக்கு அரையாண்டுல கெமிஸ்ட்ரி பாஸாவணும் ஆண்டவரே, அவன் விளையாட்டுப் புள்ள, புத்தியைக் குடுங்கோ."

அதைக் கேட்டுக்கொண்டேதான் செய்தேன். என் ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தேன். இரண்டு வரி கீழே புதுப் புள்ளி வைத்தேன். ஸ்கேலை அதற்கு நேராக இறக்கினேன். அவசரப்படவே இல்லை. நிறைய நேரம் இருந்தது. மின்னலும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஆளிடம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அது மயிலின் கண் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் நம்பு. மற்றதை நம்ப வேண்டாம்.

நீ சாப்பிட்டு முடித்து முதல் அட்டையைப் போடும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அப்பா டீ வாங்கிவரச் சொன்னார். டீக்கடையில் தினேஷ் ஃபோனில் மேட்ச் காட்டினான். நான் திரும்பி வந்தபோது உன் பக்கத்தில் முப்பது அட்டை அடுக்கியிருந்தது. சொன்னால் முப்பதையும் பிரிக்க வேண்டும், அப்பா கத்துவார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நீ எண்ணிவிட்டு "ரெண்டு அட்டை குறையுதுங்க" என்று சொன்னபோதும் அங்கேதான் இருந்தேன். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை குறைந்ததை நீ சொன்னாய் என்பதற்கு நான் சாட்சி. அப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று நானும் அவரைக் கேட்டதில்லை.

மயிலுக்குக் கண்ணைப் பிடுங்கிவிட்டாய் என்று அப்பா சொன்ன அன்றைக்கு நான் சிரித்தேன். தினேஷும் சிரித்தான், அவனுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். நீ ஒரு தரம் என்னைப் பார்த்தாய். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போனாய். நீ பிளாக் செய்தது நான் சிரித்ததற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதுவரை நான் எழுதியவற்றில் அடிக்க வேண்டியவற்றை நீயே அடித்துவிடு. உன் வழக்கைக் கையில் எடுத்ததாக எழுதினேன். ஜனவரியில் நான் தேடிப் படித்ததெல்லாம், ஒரு கண் தானாகவே இரண்டு வரி தவறுமா என்பதைத்தான். தவறும் என்று யாராவது எழுதியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன். யாரும் அப்படி எழுதவில்லை. தவளை, திரை எல்லாம் அந்தத் தேடலில் கிடைத்தவை.

ஷேவிங் கண்ணாடியில் அப்பாவிடம் "நவுந்துது" என்பது வரை சொன்னது நிஜம். அதற்கப்புறம் நான் உன் பெயரையே எடுக்கவில்லை. "பிளேடு வெச்சிக்கினு இருக்கறேன்" என்றார், நான் சிரித்துக்கொண்டே ஓடிவந்துவிட்டேன். அவர் "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. கடை நடுவில் நின்று "நான்தான்பா" என்று சொன்னதும் நடக்கவில்லை. கண்ணாடி முன்னால் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் ஒரு தடவைதான். சான்றிதழ் என் சட்டைப் பையில் இல்லை, வேதியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை இனி யாரும் திறக்கமாட்டார்கள் என்று அங்கே வைத்தேன்.

தேவேந்திரன் சார் ஃபோன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன் அக்கா. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "கண்ணுதான் நிக்காது" என்று அவர் சொன்னபோது ஐந்தாறு நொடி நேரம் இருந்தது. எத்தனை தாவலுக்கான நேரம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நான் மறுபடி ஃபேனைப் பார்த்தேன்.

கிராஃப் தாள் என் பாய்க்கு அடியில்தான் இருந்தது. எலி நான்தான். இதோடு அனுப்புகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். மயில் கழுத்துக்கு மேலே ஓரத்தில் ரப்பர் தேய்த்த இடம் மங்கலாக, கொஞ்சம் அழுக்காகத் தெரியும். உன் புள்ளி அங்கே இருந்தது. இரண்டு வரி கீழே இருப்பது நான் வைத்தது. உன் புள்ளி எப்போதும் சின்னதாக இருக்கும். என்னுடையது பெரிது, அவசரமில்லாமல் நன்றாக அழுத்தி வைத்திருக்கிறேன். நீ ஒரு வரி கூடத் தவறவில்லை. இந்தத் தாளையும் இந்தக் கடிதத்தையும் தேவேந்திரன் சாருக்குக் காட்டு, காவேரியைத் திருப்பி அனுப்பிய கடைக்காரருக்கும் காட்டு. என் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாம் தாளின் மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். பயிற்சி மையத்தில் உன் இடம் போன பிறகு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். வாயைத் திறந்தால் ஏதாவது ஜோக் வந்துவிடுகிறது. அவரும் சிரித்துவிடுகிறார். அதனால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதி, உனக்குச் சொன்னதையெல்லாம் அதிலும் எழுதி, சான்றிதழையும் வைத்து, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்குத் தபாலில் எழுதுகிறவன் காஞ்சியில் நான் ஒருவன்தான் இருப்பேன். நாளைக்கோ மறுநாளோ பதினொரு மணிக்குத் தபால்காரர் கொண்டுவருவார். அந்த நேரத்தில் கடையில் இருப்பேன். இருப்பேன் என்று எழுதியாவது வைக்கிறேன், எழுதினால் அது அப்படியே இருக்கும் என்று சொன்னாயே.

இன்னொன்று. வேதியியலில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து, ஒரு மதிப்பெண் கூட மிச்சம் இல்லை. சொந்த மூளை என்றேன். அது உன் ஜெபத்தில் நீ கேட்டதுதான்.

ஸ்டூலுக்கு அடியில் இருந்த அட்டையை உருவி எடுத்துவிட்டேன். பழையபடி ஆடுகிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு அது காரணம் இல்லை.

விஷால்